கலியண்ணனிடம் நான் கேட்டது

என் தங்கமான லூர்து அண்ணே,

இப்போதெல்லாம் ஃபோன் அடித்தாலும் எனக்குப் பயம், அடிக்காவிட்டாலும் பயம். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கும்போது பைக்குள் ஃபோன் அதிரும். கை நடுங்கிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியை முடித்து, குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு எடுத்துப் பார்ப்பேன். வரும்போது புளி வாங்கி வா என்று அம்மா குரல் செய்தி அனுப்பியிருப்பாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தலத்தெரு வீட்டில்தான் இருக்கிறேன். பூசைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். உன் கூட்டாளி கலியனுக்கு என்ன ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டும். அவரை என்னைவிட நன்றாக அறிந்தவன் நீ ஒருவன்தான். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ விசைப்படகுகளுக்கு எஞ்சின் பார்த்தாய், அவர் அந்தப் படகுகளில் கடலுக்குப் போனார். கரைக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து குடிக்கப் போவீர்கள். முதலில் வேலை முடிந்த பிறகு குடித்தீர்கள். அப்புறம் வேலைக்கு முன்னாலும். நம் ஊரில் கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை, எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கடை நம்மைத் தேடி வந்து நிற்கும். இங்கே சரக்கு மலிவு என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மாநில எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போவார்கள். நாம் தாண்ட வேண்டிய எல்லை எதுவும் இல்லை.

பிறகு நீ உன் உயிரை நீயே முடித்துக்கொண்டாய். இதை இப்படி நேராக எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

உன்னை அடக்கம் செய்த பிறகு ஒரு காலை கலியண்ணன் நான் நர்ஸாக இருக்கும் சுகாதார நிலையத்து வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "தங்கச்சி, என்னால முடியல. என்ன எங்கயாவது கொண்டுபோயி சேத்துடு. லூர்து போன வழியில நானும் போயிடுவேன் போலருக்கு" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதிக்கு ஒரு திட்டம் வந்தது. குடியை விட நினைப்பவர்களுக்கும், உயிரையே விட நினைப்பவர்களுக்கும் ஊருக்குள்ளேயே கை கொடுக்க வேண்டும் என்பது திட்டம். சனிக்கிழமைகளில் மீனவர் தெருவில் இருக்கும் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடுவோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கேன் டீ, சுவரோரமாக யாரோ போட்டுவைத்த வலைக் குவியல். ஆரம்பத்தில் வந்த ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கலியண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் பேசிய பிறகு மற்றவர்களும் பேசினார்கள். மனைவிமார்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவருக்குச் சாக வேண்டும் என்ற நினைப்பு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டுவிட வேண்டும் என்றார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் உள்ளே அடைத்துக்கொண்டிருப்பது வெளியே வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆளுக்கு ஆள் எதிரே உட்கார்ந்து கேட்டுப் பழகச் சொன்னார்கள். என் எதிரே இருந்தவள் இன்னொரு நர்ஸ், என் தோழி. அவளுக்கு ஒன்றுமில்லை, வெறும் பயிற்சிதான் என்று தெரியும். ஆனாலும் எனக்கு வார்த்தை வரவில்லை. உன் முகம் வந்து குறுக்கே நின்றது. உன்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய், அண்ணே? சிரித்து மழுப்பியிருப்பாயா?

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன. கடலுக்குப் போக முடியாத ஆண்களுக்கு அந்த நாள்கள் எப்படி இருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து விருந்தில் யாரோ ஊற்றிக் கொடுக்க, கலியண்ணன் குடித்துவிட்டார். மறுநாளும் குடித்தார், அப்புறம் நிறுத்தவே இல்லை. அந்தச் சனிக்கிழமை கூட்டத்துக்கு வரவில்லை, அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. வெட்கமாக இருக்கும், தானாக வருவார் என்றார்கள் மற்றவர்கள். நானும் அப்படித்தான் நம்ப விரும்பினேன்.

பிறகு ஒரு முற்பகலில் அவர் மனைவி வளர்மதி அண்ணி ஃபோன் செய்தார்.

"நர்ஸம்மா, வீட்டுக்காரரு இன்னிக்கி ரொம்ப நல்லாப் பேசுறாருங்க."

"நல்லதுதானேங்க அண்ணி?"

"இல்லீங்க. அதான் பயமா இருக்கு. ஒரு வாரமா மூஞ்சக் குடுத்துப் பேசாத மனுசன், காலையில எழுந்து குளிச்சாரு, என்கிட்ட சிரிச்சாரு. தூண்டிச் சாமானெல்லாம் தம்பிகிட்டக் குடுத்துட்டாரு. பொண்ணுக்கு ஃபோன் போட்டு அம்மாவப் பாத்துக்கன்னாரு. நான் எங்கங்க போறேன், என்ன ஏன் பாத்துக்கணும்?"

நீயும் அப்படித்தான் இருந்தாய், கடைசி நாளில். என் ஸ்கூட்டியை நீயாக எடுத்துப்போய்க் காற்றடித்து வந்தாய். குழம்பு நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாய். வீடே நிம்மதியாக மூச்சு விட்டது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. மனதுக்குள் முடிவெடுத்துவிட்டவர்கள் சில சமயம் அப்படித் திடீரெனத் தெளிந்து தெரிவார்கள் என்று பயிற்சியில் சொன்னபோது, நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

"அண்ணி, அவரக் கண்ணு மறைவாப் போவ விடாதீங்க. இதோ வர்றேன்" என்றேன்.

"இப்பதான் கரைப்பக்கம் போனாரு" என்றார்.

வண்டியை எடுத்தேன். அரசலாற்றுப் பாலத்தில் ஒரு லாரி என்னை உரசினாற்போல் போனது, அது கூட அப்புறம்தான் உறைத்தது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து சொல்லும் செபம், மறந்துவிட்டது! அங்கே போய் நான் என்ன பார்க்கப் போகிறேன்? திரும்பிப் போய்விடலாம், வேறு யாரையாவது அனுப்பலாம் என்று தோன்றியது. நான் ஒன்றும் தைரியசாலி இல்லை, உனக்குத்தான் தெரியுமே. பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுகிறவள். வண்டி தன் பாட்டுக்கு முன்னால் போனதால் போனேன்.

துறைமுகக் கரையில் வண்ணம் அடிக்க ஏற்றி வைத்திருந்த படகு ஒன்றின் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். உயிரோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் பெயின்ட் அடிப்பவர்கள் ரேடியோவில் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

"வாம்மா. இந்த வெயில்ல எங்க கெளம்பிட்ட?" என்றார், சிரித்த முகமாக.

"உங்களப் பாக்கத்தான்."

"நான் நல்லாத்தானே இருக்கேன்."

பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். அவர் சொல்வாரா என்று பார்த்தேன். அவர் சிப்பி ஒன்றை எடுத்து மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியது நான்தான்.

எனக்கு இரண்டு பயம், அண்ணே. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று ஒரு பயம். இல்லை என்று பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று அதைவிடப் பெரிய பயம்.

"கலியண்ணே, செத்துப் போயிடலாம்னு நெனப்பு வருதா ஒங்களுக்கு?"

என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. அவர் கோடு போடுவதை நிறுத்தினார். முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"இன்னிக்கின்னு வச்சிருந்தேன்" என்றார்.

எப்படி என்று கேட்டேன். அதையும் கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். அங்கே உட்கார்ந்தபடியே அண்ணிக்கு ஃபோன் செய்தேன், எதை எங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று சொன்னேன். அவர் அழுதுகொண்டே செய்து முடித்தார். பிறகு கலியண்ணனிடம், "இன்னிக்கி நான் ஒங்கள விட்டு நகர மாட்டேன்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ யாரு என்னப் புடிச்சி வைக்க? ஒன் அண்ணன் போறப்ப எங்க போன? அவனுக்கு வராதவ எனக்கு மட்டும் வந்துட்டியா?"

பெயின்ட் அடிப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது எனக்கு. ஆனால் எழுந்து போகவில்லை.

"தெரிஞ்சிருந்தா வந்துருப்பேண்ணே. அவன் சொல்லல. எனக்குத் தெரியல. நீங்க இப்ப சொல்லிட்டீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் ஒக்காந்துருக்கேன்."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். படகின் அடிமரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, சத்தமே வராமல் உடம்பு மட்டும் குலுங்கியது. அழுகை கொஞ்சம் அடங்கியதும் சொன்னார்: "எல்லார்கிட்டயும் என்னத்தானே காட்டுனீங்க. கலியனப் பாரு, அவனே விட்டுட்டான், நீ விட மாட்டியான்னு. வூட்டுக்கு வூடு என் பேருதான். இப்ப எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு அங்க வருவேன்? நான் குடிச்சிட்டேன்னு தெரிஞ்சா, என்னப் பாத்து விட்டவன்லாம் திரும்பக் குடிப்பான்ல?"

இப்படி ஒன்று அவர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மனிதன் பிழைத்து வந்ததும் அவனை ஊருக்கே உதாரணமாக்கிவிட்டோம். உதாரணமாக நிற்பவன் தடுக்கி விழ முடியாதே. விழுந்தால் எழுந்து வர வழியும் இருக்காதே.

வளர்மதி அண்ணி வந்து சேர்ந்தார். மூவரும் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவரை நடுவில் உட்கார வைத்தோம். வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் குதித்துவிடுவாரோ என்று அவர் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தேன். இறங்கும்போதுதான் பார்த்தேன், அண்ணியும் மறுபக்கத்துச் சட்டையை அப்படியே பிடித்திருந்தார்.

மனநல டாக்டர் அவரைத் தனியாக வைத்து நிறைய நேரம் பேசினார். படுக்கை கொடுத்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் போனால் அவருக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. கை இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. வார்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். "லூர்து, எஞ்சின நிறுத்துடா, தண்ணி வருதுடா" என்று உன்னைக் கூப்பிட்டார். நீ அவர் கட்டிலருகே நிற்பதாக நினைத்துப் பேசினார். நானும் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அண்ணே. நர்ஸ் நான், எதனால் இப்படி ஆகிறது என்று படித்தவள். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

நிறையக் குடித்தவர்கள் சட்டென்று நிறுத்தும்போது இப்படிக் குழம்பிப் போவது உண்டு, வீட்டில் இருந்திருந்தால்தான் ஆபத்து, இங்கே மருந்து கொடுக்கிறோம், தெளிந்துவிடும் என்று டாக்டர் அண்ணிக்குப் பொறுமையாகச் சொன்னார். அண்ணி தலையாட்டினார். நாங்கள் இருவரும் வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். அவர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறவர் அன்றுதான் பெயரைச் சொன்னார்.

"சகாயம், நான் ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கண்ணி."

"அவருகிட்டக் கேட்டியே. அத ஒன்ன யாரும் கேட்டாங்களா? ஒனக்கு அப்புடித் தோணுனது உண்டா?"

வாய் திறந்து இல்லை என்று சொல்லப் போனேன். நான் பயிற்சி பெற்றவள், சனிக்கிழமைதோறும் கூட்டம் நடத்துகிறவள், என்னைப் போய்க் கேட்கிறாரே என்றிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"தோணியிருக்குண்ணி. அண்ணன் போனதுக்கப்புறம். இப்பவும் சில நாளு வருது."

முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னேன். நீ போன வழி எனக்கும் திறந்து கிடப்பதுபோல் இருந்தது, அண்ணே. உன்மேல் இருந்த பாசத்தில் வந்த எண்ணம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பயத்துக்கெல்லாம் அடியில் இருந்த பயம் அதுதான். மற்றவர்களுக்கு என்ன ஆகுமோ என்று அலைந்ததெல்லாம், எனக்கு என்ன ஆகுமோ என்பதைப் பார்க்காமல் இருப்பதற்காகவும்தான்.

அண்ணி அழவில்லை, அறிவுரை சொல்லவில்லை. புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்ப ஒனக்கும் ஒரு ஓபி சீட்டுப் போட்டுட்டு வர்றேன். டாக்டரு இன்னும் போவல. இங்கயே ஒக்காரு, எங்கயும் எழுந்து போயிடாத" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றுவிட்டார். புருசன் உள்ளே தண்ணீர் தண்ணீர் என்று கத்திக்கொண்டிருக்கிறார், இவர் எனக்காகச் சீட்டு வாங்க நிற்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

அந்த டாக்டர் முன்னால் என் சீருடையோடு நோயாளியாக உட்கார்ந்தேன். ஆலோசகர் அம்மா ஒருவரிடம் அனுப்பினார். வாரம் ஒருமுறை போகிறேன். உன்னைப் பற்றித்தான் பேசுகிறேன். நீ எவ்வளவு குடித்தாய் என்பதை அல்ல, நீ எப்படிச் சிரிப்பாய் என்பதை. உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்பதையும் சொன்னேன். கோபம் இருக்கிறது, அண்ணே. நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கலியண்ணன் தெளிந்துவிட்டார். உன்னைக் கூப்பிட்டது அவருக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், கூட்டத்துக்கு எப்படி வருவேன் என்று மறுபடி தயங்கினார். அப்போது எங்கள் ஆட்கள் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள், டீ கேனோடு. ஒருவரும் அவரைப் பேசச் சொல்லவில்லை. அவரைப் பார்த்துக் குடியை விட்ட அந்தோணி என்ற கொத்தனார் மட்டும், "கலியா, நானும் போன மாசம் ரெண்டு தடவ குடிச்சேன். ஒனக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவன்னு மறைச்சேன்" என்றார். கலியண்ணன் அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு, "போடா, ரெண்டு பேருமா ஒருத்தருக்காக ஒருத்தர் பயந்து செத்துருப்போம்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இப்போது நாங்கள் யார் பெயரையும் உதாரணமாகச் சொல்வதில்லை. மறுபடி குடித்தவர் அன்றைக்கே வரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். கூட்டம் நடத்துகிறவர்களும் தங்களுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன். சொல்லும்போது குரல் நடுங்குகிறது. நடுங்கட்டும்.

தடைக்காலம் முடிந்து கலியண்ணன் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். கூடப் போகிறவர்களுக்கு எல்லாம் தெரியும், அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் படகு திரும்பும் வரை எனக்கும் அண்ணிக்கும் உயிர் இருக்காது. எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். மாத்திரை சாப்பிடுகிறார், சில நாள் முகம் இருண்டுவிடுகிறது. கேட்டால் இப்போது மழுப்புவதில்லை. "இன்னிக்கி கொஞ்சம் மோசம்தாம்மா" என்கிறார். அப்படி அவர் சொல்லும் நாள்களில் எனக்குப் பயம் குறைகிறது, அண்ணே. வேடிக்கையாக இல்லை?

அம்மாவிடமும் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். இப்போது அங்கேதான் படுத்துக் குறட்டை விடுகிறாள்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன்னை மறுபடி பார்ப்பேன் என்று விசுவாசம் இருக்கிறது, ஆனால் எனக்கு அவசரம் இல்லை. என் தலை முழுக்க நரைக்கட்டும், பல் கொட்டட்டும், காது கேட்காமல் போகட்டும். அப்போது வருகிறேன். கிழவியாகித்தான் வருவேன். உன்னைவிட மூத்தவளாக வந்து நின்று, இனி நீ என்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பேன். அதுவரை எவ்வளவு காலம் ஆனாலும் எனக்காகக் காத்திரு.

இப்போதைக்கு இன்னும் உன் தங்கையாகவே இருக்கும்,
சகாயமேரி